‘அக்சுவலி’ என்னும் வினையடை: பொருளும் பயன்பாடும்

ஆங்கிலத்திலே ‘அக்சுவலி’ என வழங்கும் வினையடைக்கு ‘உண்மையில்’ எனப் பொருள் கூறி அமைவது பொதுவழக்கு. இது தவறன்று, ஆயின் போதாது. ஒரு கூற்று மெய்யா பொய்யா என்பதை மட்டும் இச்சொல் உணர்த்துவதில்லை. கருதப்பட்டதற்கும் நிகழ்ந்ததற்கும், ஏட்டிலுள்ளதற்கும் நடைமுறையிலுள்ளதற்கும் இடையிலான முரண்பாட்டையும் அது சுட்டுகின்றது. ‘அக்சுவலி வழங்கப்பட்ட கூலி’ என்னும்போது, ஒப்பந்தக் கூலி வேறாயிருக்கலாம் என்ற குறிப்பும் உடன் தோன்றுகின்றது. வாக்கியத்தின் முதலில் வருமிடத்து, கேட்போர் கருத்தைத் திருத்தவும், மறுப்பைத் தணித்துக் கூறவும், பேச்சின் திசையை மாற்றவும் அது பயன்படுகின்றது. தமிழ் உரையாடலிற் கலந்து வழங்குவது பெரும்பாலும் இப்பிற்கூறிய பயன்பாடே.

சொல்லின் வரலாறு இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. இதன் மூலம் ‘செய்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகும். அரிஸ்டோட்டில் வகுத்த உள்ளாற்றல், அதன் நிறைவேற்றம் என்னும் எதிர்வில், பின்னதை இலத்தீன் மெய்யியலாளர் இவ்வடியிற் பிறந்த சொல்லாற் பெயர்த்தனர். எனவே ‘அக்சுவல்’ என்பது வெறுமனே இருப்பதன்று, செயலில் நிறைவேறியது. பிரெஞ்சு, ஜேர்மன் மொழிகளில் இதே அடியிற் பிறந்த சொற்கள் இன்று ‘தற்போதைய’ என்ற பொருளையே பெரிதும் தருகின்றன. ஒலியொப்புமையை நம்பும் மொழிபெயர்ப்பாளர் இடறும் இடம் இது.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியுடன் முடிந்துவிடுவதில்லை. அறிவார்ந்தது மெய்ம்மையானது, மெய்ம்மையானது அறிவார்ந்தது என்னும் கருத்தை ஹெகல் 1820இல் எழுதிய முன்னுரையில் வெளியிட்டார். அவர் ஆண்ட ஜேர்மன் சொல்லும் ‘செயற்படுதல்’ என்ற வினையினின்றே பிறந்தது. அதனை ‘இருப்பது’ என்று கொண்டோர், பிரஷ்ய அரசை நியாயப்படுத்தும் கூற்றாக அதனை விளங்கினர். 1886இல் எங்கெல்ஸ் இதனை மறுத்தார். இருப்பன யாவும் ஹெகலுக்கு மெய்ம்மையல்ல, அவசியமானதே மெய்ம்மை. 1789இல் பிரெஞ்சு முடியாட்சி இருந்தது; ஆனால் அவசியத்தை இழந்திருந்தமையால் மெய்ம்மையை இழந்திருந்தது என்பது அவர் விளக்கம்.

1970களிற் கிழக்கு ஐரோப்பிய ஆட்சியாளர் கையாண்ட ஒரு தொடர் ஆங்கிலத்தில் ‘அக்சுவலி இருக்கும் சோசலிசம்’ எனப் பெயர்க்கப்பட்டது. இருப்பது இதுவே, மற்றவை கனவு என விமர்சகரை அடக்குவதற்கு அவ்வடைமொழி உதவியது. கிழக்கு ஜேர்மனியரான ருடோல்ப் பாரோ 1977இல் மேற்கு ஜேர்மனியில் வெளியான தமது நூலின் துணைத்தலைப்பில் அத்தொடரையே எடுத்தாண்டு, இருப்பதற்கும் சோசலிசத்திற்குமிடையிலான தூரத்தை ஆராய்ந்தார். அவர் சிறையிடப்பட்டார். 1990இல் அவ்வரசே இல்லாதொழிந்தது.

ஆகவே இவ்வினையடையைத் தமிழாக்குவோர் ஒரே சொல்லைப் பற்றிநிற்றல் பொருந்தாது. கூலி பற்றிய வாக்கியத்திற்கு ‘நடைமுறையில்’ என்பதும், ஹெகலின் கோட்பாட்டிற்கு ‘மெய்ம்மை’ என்பதும், மேற்குறித்த அரசியற் தொடருக்கு ‘நடைமுறையிலுள்ள’ என்பதும் ஏற்புடையன. மூன்றிடத்தும் ‘உண்மையில்’ என்றே எழுதின், இருப்பதெல்லாம் உண்மை, உண்மையெல்லாம் மாறாதது என்னும் மயக்கத்திற்கு மொழிபெயர்ப்பாளரும் துணைபோனவராவர்.