பழைய காருக்குப் புது இதயம்... மாஸ்டா ரோட்டரி இன்ஜினை மாற்றப் போறீங்களா?

‘ஃபாஸ்ட் அண்டு ஃப்யூரியஸ்’ முதல் படத்தில் வின் டீசல் ஓட்டிவரும் சிவப்பு மாஸ்டா ஆர்எக்ஸ்-7 ஞாபகம் இருக்கிறதா? ‘டோக்கியோ டிரிஃப்ட்’டில் ஹான் ஓட்டுகிற ஆரஞ்சு - கறுப்பு கார்? இரண்டும் ஒரே மாடல்தான். அந்தக் காரின் சத்தமே தனி ரகம். ஏன்னா, அதன் இன்ஜினுக்குள் பிஸ்டனே கிடையாது.

அந்தக் காருக்கு ஒரு தாத்தா உண்டு. 1978-ல் வந்த முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-7. எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம்தான் அதிகம். முகப்பில் மேலே எழும்பும் ஹெட்லைட்கள். உள்ளே 1,146 சிசி ‘12ஏ’ ரோட்டரி இன்ஜின். அமெரிக்காவில் விற்கப்பட்ட காரில் இதன் சக்தி வெறும் 100 குதிரைத்திறன். கார் அழகு, கையாளுமை அருமை. ஆனால் அந்த இன்ஜினுக்கு இப்போது வயது 40-க்கு மேல். அதனால் இதை வைத்திருக்கும் அமெரிக்க, ஆஸ்திரேலிய ரசிகர்கள் பலருக்கு ஓர் ஆசை: 2003-ல் வந்த ஆர்எக்ஸ்-8 காரின் ‘ரெனெசிஸ்’ இன்ஜினை எடுத்து இதில் வைத்துவிட்டால்? அதே ரோட்டரி வம்சம், மேனுவல் மாடலில் 238 குதிரைத்திறன், 9,000 ஆர்பிஎம் வரை சீறும்!

கேட்கும்போதே ஜிவ்வுன்னு இருக்குல்ல? கொஞ்சம் பொறுங்க.

உள்ளே என்னதான் நடக்குது?

ரோட்டரி இன்ஜினில், பக்கங்கள் லேசாகப் புடைத்த முக்கோணம் ஒன்று நீள்வட்டம் போன்ற கூட்டுக்குள் சுற்றுகிறது. காற்றை இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, புகையைத் தள்ளுவது என எல்லா வேலையும் அந்தச் சுற்றலிலேயே முடிந்துவிடும். ரோட்டார் ஒரு முறை சுற்றினால் ஷாஃப்ட் மூன்று முறை சுற்றும். அதனால்தான் அவ்வளவு ஆர்பிஎம் போனாலும் இன்ஜின் அலட்டிக்கொள்ளாமல் ஓடுகிறது.

முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் ‘ஏபெக்ஸ் சீல்’ என்ற மெல்லிய பட்டைகள் உண்டு. இந்த இன்ஜினின் உயிரே அங்கேதான். 1960-களில் கெனிச்சி யமமோட்டோவின் குழு இந்த இன்ஜினை உருவாக்கியபோது, சீல்கள் உரசி கூட்டின் உட்சுவரில் அலை அலையாகக் கீறல் விழுந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சாத்தானின் நகக்கீறல்’. அதைத் தாண்டி 1967-ல் ‘காஸ்மோ ஸ்போர்ட்’ காரை வெளியிட்டார்கள். 1991-ல் நான்கு ரோட்டார் கொண்ட ‘787பி’ கார் லெ மான்ஸ் பந்தயத்தை வென்றது.

பழைய 12ஏ-வில் புகை வெளியேறும் வாய், கூட்டின் சுற்றுச்சுவரிலேயே இருக்கும். இதனால் காற்று உள்ளே வரும் வழியும் புகை வெளியே போகும் வழியும் சில கணம் ஒன்றாகத் திறந்திருக்கும். எரியாத பெட்ரோல் கொஞ்சம் அப்படியே ஓடிவிடும். புகை கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். மைலேஜும் போச்சு, மாசும் கூடுதல். ரெனெசிஸில் அந்த வாயைப் பக்கவாட்டுத் தகடுகளுக்கு மாற்றினார்கள். இரண்டு வழியும் ஒன்றாகத் திறக்கும் பேச்சே இல்லை. டர்போ இல்லாமல், 1,308 சிசி-யில் இவ்வளவு சக்தி கிடைத்தது. 2003-ல் ‘இன்டர்நேஷனல் இன்ஜின் ஆஃப் தி இயர்’ விருதும் வந்தது.

சல்லிசாகக் கிடைக்குதே... ஏன்?

மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7-ன் ட்வின் டர்போ இன்ஜினுக்கு இன்று யானை விலை. ரெனெசிஸ் அப்படியில்லை. ஆர்எக்ஸ்-8 சுமார் 1.9 லட்சம் கார்கள் தயாரானது. பழைய கார் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் நிறைய கார்கள் விற்பனைக்கு வருவதற்குக் காரணமே இன்ஜின்தான்! சீல்கள் தேய்ந்து கம்ப்ரஷன் போய்விடும். அமெரிக்காவில் 2004 - 2008 மாடல்களுக்கு இன்ஜின் வாரன்டியை 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று மாஸ்டாவே நீட்டித்துக் கொடுத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, ‘ஓடுது சார், ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன்’ என்ற பேச்சை நம்பிக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். ரோட்டரிக்கென்றே தனியாக இருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டரால் சோதிக்கச் சொல்லுங்கள். சாதாரண டெஸ்ட்டர் ஒரே ஒரு எண்ணைத்தான் காட்டும். ஒரு ரோட்டாருக்கு மூன்று முகம் என்பதால் மூன்று எண்கள் தேவை. 250 ஆர்பிஎம்-மில் 830 கிலோபாஸ்கல் வந்தால் ஆரோக்கியம். 680-க்குக் கீழே போனால் அந்த இன்ஜினைப் பிரித்துத்தான் ஆகவேண்டும். ஒரே ரோட்டாரின் முகங்களுக்குள் 150-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் அதே கதிதான்.

இன்னொன்று. ஆரம்பகால ஆட்டோமேட்டிக் ஆர்எக்ஸ்-8-ல் இருப்பது, காற்று வரும் வாய்கள் ஆறுக்குப் பதில் நான்கே கொண்ட, சக்தி குறைந்த இன்ஜின். 7,500 ஆர்பிஎம்-மோடு நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் புதியவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. 2009-க்குப் பிறகு வந்த இன்ஜின் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். அதில் சீல்களுக்கு எண்ணெய் விடும் ஏற்பாட்டை மாஸ்டா மேம்படுத்தியிருக்கிறது.

என்னைக் கேட்டால், இன்ஜினை மட்டும் வாங்குவதைவிட அடிபட்ட ஆர்எக்ஸ்-8 ஒன்றை முழுசாக வாங்குவதே புத்திசாலித்தனம். காரணம் கீழே வருகிறது.

தூக்கி வைத்தால் உட்காராது!

‘ரெண்டும் மாஸ்டா, ரெண்டும் ரோட்டரி, போல்ட் போட்டா முடிஞ்சுது’ என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். பழைய காரில் இன்ஜினைத் தாங்குவது அதன் முன்பக்கம். ரெனெசிஸைத் தாங்குவது பக்கவாட்டில். எனவே புதிய பிராக்கெட்டுகளை வெல்டு செய்ய வேண்டும். ஆயில் பேன் இடிக்கிறதா, பானெட் மூடுகிறதா என்பதை டேப் வைத்து அளந்த பிறகே வெல்டிங்கில் கை வையுங்கள். ஆர்எக்ஸ்-8-ன் 6 ஸ்பீடு கியர்பாக்ஸ், பின் டிஃபரன்ஷியலோடு ஒரு நீண்ட சட்டத்தால் பிணைக்கப்பட்டது. பழைய காரில் அந்தச் சட்டம் கிடையாது. கியர்பாக்ஸைத் தாங்க தனியாக ஒரு குறுக்குக் கம்பி, அளவெடுத்துச் செய்த புரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டும் வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் பொருந்தாது. பழசுக்கு இரண்டு வாய், ரெனெசிஸுக்கு மூன்று.

பெட்ரோல் விஷயமும் அப்படித்தான். கார்புரேட்டருக்குச் சொட்டுச் சொட்டாக வந்தால் போதும். இன்ஜெக்டர்களுக்கு அதைப் போலப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். பம்ப், பைப், ஃபில்டர் எல்லாமே புதுசு. பழைய ரப்பர் பைப்பையே வைத்துச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். எக்ஸாஸ்ட் கொதிக்கிற இடத்தில் பெட்ரோல் கசிந்தால் கார் மிஞ்சாது.

பெரிய தலைவலி வயரிங்தான். பழைய காரில் டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர், ஆக்ஸிலரேட்டர் கேபிள் அவ்வளவுதான். ரெனெசிஸின் ஆக்ஸிலரேட்டர் மிதியே ஒரு சென்சார். காற்று வரும் பாதையில் ஆர்பிஎம்-முக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வுகள் பல. சாவி, இமொபிலைசர், இன்ஜின் கம்ப்யூட்டர் மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் கார் ஸ்டார்ட் ஆகும். முழு காரை வாங்கச் சொன்னது இதற்காகத்தான். மிதி, ஹார்னஸ், சாவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். இது வேண்டாம் என்றால் தனி ஈசியூ வாங்கி ட்யூன் செய்ய வேண்டும். பெரும்பாலானோர் இந்த வழியில்தான் போகிறார்கள்.

ஆனால், தனி ஈசியூவில் ஒரு பள்ளம் உண்டு. ரெனெசிஸில் சீல்களுக்கு எண்ணெய் விடும் பம்ப்பை இயக்குவதும் அந்தப் பழைய கம்ப்யூட்டர்தான். புதிய ஈசியூவுக்கு அந்த வேலை தெரியாவிட்டால் சீல்கள் காய்ந்துபோகும். இதற்கு அவர்கள் செய்யும் வைத்தியம் நமக்குப் பழக்கமானதுதான். அந்தக் கால பஜாஜ் சேத்தக்கில் பெட்ரோலோடு 2டி ஆயில் கலந்து ஊற்றினோமே, அதேதான்! லிட்டருக்கு 6 முதல் 8 மில்லி. ஒவ்வொரு முறை பங்க்கில் நிற்கும்போதும் மறக்காமல் கலக்க வேண்டும்.

டர்போ போடலாமா?

போடலாம், நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பக்கவாட்டு வாய் புகையைச் சுதந்திரமாக வெளியே விடாது. டர்போ ஆசை இருந்தால் பழைய பாணி 13பி இன்ஜினே பொருத்தம். ஒரு டன் காருக்கு 230 குதிரைத்திறனே அதிகம். முதலில் பிரேக்கைக் கவனியுங்கள். ஆரம்ப கால மாடல்களின் பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தான், அதுவும் பாதி சக்திக்குப் போட்டது.

சட்டமும் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1976 முதல் வந்த கார்களுக்குப் புகைச் சோதனை உண்டு. மாற்றும் இன்ஜின் காரின் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அதன் மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகளும் கூடவே வர வேண்டும். ரெனெசிஸ் முதல் நிபந்தனையைச் சுலபமாகத் தாண்டிவிடும். இரண்டாவதில்தான் தனி ஈசியூ போட்டவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

எல்லாம் முடிந்து முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும், ஷெட்டிலிருந்து நாலு அடி நகர்த்திவிட்டு உடனே ஆஃப் செய்யாதீர்கள். ரோட்டரியில் இது ஆகாது. குளிர்ந்த இன்ஜினுக்குள் கூடுதலாகப் போன பெட்ரோல் தங்கி, சீல்களின் மேலிருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும். மறுநாள் காலையில் எவ்வளவு சாவி திருப்பினாலும் எழுந்திருக்காது. அப்படி ஆகிவிட்டால் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு கிராங்க் செய்யுங்கள். இன்ஜெக்டர்கள் நின்று உள்ளே ஈரம் வடியும். தனி ஈசியூ போட்டிருந்தால் இந்த வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று ட்யூனரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.