ரேடார் சொல்லும் மழை சரிதானா?

இன்டர்நெட் இணைப்பு கிடைத்துவிட்டதா? இந்திய வானிலைத் துறையின் தளத்தில் சென்னை ரேடார் படத்தைத் திறந்து பாருங்கள். வேலூர், ஆம்பூர் பக்கம் பெய்யும் மழை வண்ண வண்ணமாகத் தெரியும். ஆனால் ரேடார் நேரடியாக மழையை அளப்பதில்லை. துளிகளில் பட்டுத் திரும்பும் அலையை அளக்கிறது. அதை மில்லிமீட்டராக மாற்றுவது கம்ப்யூட்டரில் உள்ள ஒரு சூத்திரம்.

சிக்கலே அங்குதான். 2 மி.மீ. துளி ஒன்றில், 1 மி.மீ. துளிகள் எட்டின் தண்ணீர் இருக்கும். ரேடாருக்கோ அது 64 துளிகளாகத் தெரியும்! எனவே துளியின் அளவு தெரியாமல் கணக்கு சரியாக வராது.

வேலூருக்கு வடக்கே, திருப்பதி அருகே காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தில் இதை டிஸ்ட்ரோமீட்டர் என்ற கருவியால் அளந்தார்கள். உள்ளங்கை அகலப் பரப்பில் துளி விழும் அடியை மின்துடிப்பாக்கி, 20 அளவுகளாகப் பிரித்து எண்ணும் கருவி அது. (1904-ல் அமெரிக்கர் வில்சன் பென்ட்லி மாவுத் தட்டை மழையில் நீட்டியே அளந்துவிட்டார்!)

ஒரே வேகத்தில் மழை பெய்தாலும் தென்மேற்குப் பருவத்தில் துளிகள் பெரியவை, வடகிழக்கில் சிறியவை என்று தெரிந்தது. ஆண்டு முழுவதும் ஒரே சூத்திரம் போட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை குறைவாகத் தெரியக்கூடும். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்ததும், பேரணாம்பட்டில் கனமழையில் வீடு இடிந்து 9 பேர் இறந்ததும் அந்தப் பருவத்தில்தான். அந்த மாதங்களில் ரேடார் படத்தோடு, மழைமானி அளவையும் சேர்த்துப் பாருங்கள்.