பில்லில் வராத சாம்பல்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஈ.பி. பில்லில் யூனிட் இருக்கும், தொகை இருக்கும், கட்ட வேண்டிய கடைசித் தேதி இருக்கும். சாம்பல் இருக்காது.

நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க, நம் அனல்மின் நிலையங்களுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரி வேண்டும். இந்தியக் கரியில் 30 முதல் 45 சதவீதம் சாம்பல்தான். ஆக, யூனிட்டுக்குக் கால் கிலோ மிஞ்சும். கூடவே ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு புகைபோக்கி வழியே போய்விடும். 400 யூனிட் ஓடும் வீட்டுக்கு, அத்தனையும் கரி மின்சாரம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு சிமென்ட் மூட்டை எடைக்குச் சாம்பல். காற்றாலையும் சூரிய மின்சாரமும் நிறைந்த தமிழ்நாட்டில் உண்மைக் கணக்கு இதைவிடக் குறைவுதான். எவ்வளவு குறைவு என்பது மாதத்தையும் மணியையும் பொறுத்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்தச் சாம்பல் எங்கே போகிறது? சென்னைக்காரர்கள் வெகுதூரம் தேட வேண்டாம். எண்ணூரை ஒட்டி வடசென்னை அனல்மின் நிலையம். அதன் முதல் இரண்டு கட்டங்கள் மட்டுமே 1,830 மெகாவாட். பக்கத்தில் வல்லூரில் இன்னொரு 1,500 மெகாவாட். ஒடிசாவின் தால்சேரில் வெட்டும் கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலில் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வருகிறது. அந்தப் பயணத்துக்கும் எண்ணெய் எரிகிறது. அதை யாரும் யூனிட்டில் சேர்ப்பதில்லை.

ஆலையில் கரியை மாவாக அரைத்து உலைக்குள் ஊதுகிறார்கள். சாம்பலில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு புகையோடு பறக்கும். அதை மின்னேற்றம் கொண்ட தகடுகளில் ஒட்டவைத்துப் பிடிக்கிறார்கள். அப்படியே உலர்வாக எடுத்தால் காசு. பி.பி.சி. (போர்ட்லாண்ட் பொஸோலானா) சிமென்டில் 15 முதல் 35 சதவீதம் வரை இதுதான் கலக்கிறது. உங்கள் வீட்டுச் சுவரிலேயே இருக்கக்கூடும். விற்காத மிச்சத்தையும் உலையின் அடியில் தங்கும் கட்டிச் சாம்பலையும் தண்ணீரில் கரைத்துக் குழாயில் தள்ளுகிறார்கள். அது போய்ச் சேரும் இடம் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குட்டை.

வினை அந்தக் குழாயில்தான். கழிமுகத்தைத் தாண்டிப் போகும் குழாய்கள் துருப்பிடித்து, இணைப்பு விட்டு, ஆண்டுக்கணக்கில் கசிந்தன. கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் சாம்பல் படிந்து தரை மேடேறியது. ஆழமில்லாத தண்ணீரில் படகு தட்டும். இங்கே இறாலைக் கையால் தடவிப் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்கள் உண்டு. சேற்றில் துழாவ வேண்டிய கைக்குச் சிமென்ட் போலப் பிடித்த சாம்பல் தட்டுப்பட்டால் அங்கே இறால் ஏது? சாம்பலில் ஆர்சனிக், ஈயம், குரோமியம் போன்றவை சிறிதளவு உண்டு என்பது தனிக்கதை. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-ல் இந்தப் பாதிப்பைச் சரிசெய்யச் சொல்லி உத்தரவிட்டது. துருப்பிடித்த குழாயை மாற்ற புதிய தொழில்நுட்பமா வேண்டும்? எண்ணூர் என்பதால்தான் இவ்வளவு காலம் இழுத்தது என்பது என் எண்ணம். அடையாற்றில் இப்படி ஒரு குழாய் கசிந்திருந்தால் மறுநாளே வெல்டிங் நடந்திருக்கும்.

இனி மணிக்கணக்கு. தமிழ்நாட்டில் காற்று வலுப்பது வைகாசிக் கடைசியில். பிறகு புரட்டாசி வரை காற்றாலைகள் நன்றாகச் சுற்றும். அதற்கு முந்தைய ஏப்ரல் இரவுகளில் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, ஏ.சி. மட்டும் ஓடுகிறது. அந்த மின்சாரத்தில் கரியின் பங்கு மிக அதிகம். மாடியில் சோலார் போட்டவர்களுக்கும் இது பொருந்தும். பகலில் கிரிடுக்குக் கொடுத்ததை இரவில் எடுத்ததிலிருந்து கழித்து பில் பூஜ்யமாகலாம். ஆனால் பேட்டரி இல்லாத வீட்டில் இரவு பதினொரு மணிக்கு ஓடும் கம்ப்ரஸருக்கு வருவது பெரும்பாலும் கரி மின்சாரமே.

ஆகவே ஹாலில் ஒரு எல்.இ.டி. விளக்கை அணைத்துவிட்டுப் பெருமைப்படுவதில் பெரிய லாபமில்லை. 75 வாட் பழைய மின்விசிறியை மாற்றி 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி போடுவதும், ஏ.சி.யை 20-லிருந்து 26-க்கு ஏற்றி விசிறியையும் சேர்த்து ஓடவிடுவதும் இரவுக் கரியை நேரடியாகக் குறைக்கும். தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் போட்டுவிடலாம்.