பரீட்சை பயமா? வீட்டுக் கடிகாரத்தில் 10.15-ஐக் கவனியுங்கள்!

சேலம் அஸ்தம்பட்டியில் பிப்ரவரி பிறந்துவிட்டால் பல வீடுகளின் நடைமுறையே மாறிவிடும். டி.வி. சத்தம் குறையும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அப்பா மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வருவார். ‘பையன் ப்ளஸ் டூ’ என்று சொன்னால் போதும், யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். பையனுக்கோ இந்த அமைதியே வயிற்றைக் கலக்கும்.

சேலம், நாமக்கல் வட்டாரத்துக்கு இது பழைய கதை. மாநிலத்தில் முதல் இடம் யாருக்கு என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே ஹாஸ்டல் பள்ளிகளில் சேர்த்தார்கள். ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தையே ஓட்டும் வழக்கம் தமிழகப் பள்ளிகள் பலவற்றில் பரவியது. 2017-ல் ரேங்க் பட்டியலை அரசு நிறுத்தியது. ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 கல்வியாண்டிலிருந்து அதுவும் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால், சித்தி மகன் எத்தனை, எதிர் வீட்டுப் பெண் எத்தனை என்று வீட்டுக்குள் ஓடும் ரேங்க் பட்டியலை எந்த அரசாணையாலும் நிறுத்த முடியவில்லை.

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. 2021 செப்டம்பரில், நீட் தேர்வு நாளன்று, மேட்டூர் அருகே ஒரு மாணவரை சேலம் மாவட்டம் இழந்தது. அதன் பிறகுதான், அந்த ஆண்டு நீட் எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழக மாணவர்களைப் போனில் அழைத்துப் பேச மனநல ஆலோசகர்களை அரசு அமர்த்தியது.

‘டென்ஷன் ஆகாதே’ என்று சொன்னால் டென்ஷன் போகுமா? கூடத்தான் செய்யும். பயத்தின் பெரும்பகுதி, பழக்கமில்லாத இடத்தில் பழக்கமில்லாத வேலையைச் செய்யப்போகிறோம் என்பதிலிருந்து வருகிறது. மாதக்கணக்கில் புத்தகத்தைப் படிக்கிற பிள்ளை, புத்தகம் இல்லாமல் எழுதிப் பார்ப்பது குறைவு. தேர்வு கேட்பதோ அதைத்தான்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு குழு. ஒருமுறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு குழு. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் முதல் குழுதான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ‘படிச்சதெல்லாம் மறந்துபோச்சும்மா’ என்று பிள்ளை அழுவதன் ரகசியம் இதில் பாதி இருக்கிறது. நல்ல விஷயம் என்னவென்றால், இயற்பியலே தெரியாத அம்மாவும் இதில் உதவலாம். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இந்தத் தலைப்புல என்ன இருக்கு, சொல்லு கண்ணு’ என்றால் போதும். தப்பாகச் சொன்னால் திட்டக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்தது கடிகாரம். ப்ளஸ் டூ தேர்வில் காலை 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். 10 நிமிஷம் படிக்க, 5 நிமிஷம் விவரங்களை நிரப்ப. 10.15-லிருந்து 1.15 வரை எழுத வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு டீ குடித்துப் படித்துப் பழகிய மூளை, காலை 10.15-க்குத் தூங்கி வழியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே நேரத்துக்குப் பழைய வினாத்தாள் ஒன்றை மேஜையில் வைத்து, செல்போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, மூன்று மணி நேரமும் எழுந்திருக்காமல் எழுதட்டும். நீட் எழுதுகிறவர்களுக்கு நேரம் வேறு: மதியம் 2 முதல் 5. சேலத்து மே மாத வெயிலில், சாப்பிட்டதும் கண் சொருகும் நேரம். 2025 முதல் 180 கேள்விகள், 180 நிமிஷம். அந்த நேரத்திலேயே பழகாமல், காலையில் மட்டும் மாடல் டெஸ்ட் எழுதி என்ன பயன்?

அந்த முதல் 10 நிமிஷத்தையும் ஒத்திகை பார்க்க வேண்டும். இயற்பியல் தாளில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் 9 இருந்தால் எழுத வேண்டியது 6. மூன்று மதிப்பெண்ணிலும் அப்படித்தான். எதை விடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டால், நடுவில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்காரும் நேரம் மிச்சம்.

அப்படியும் நெஞ்சு படபடக்கிறதா? சிகாகோ பல்கலைக்கழகத்தில் ரமிரெஸ், பெய்லாக் இருவரும் செய்து 2011-ல் வெளிவந்த ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் தங்கள் கவலைகளை 10 நிமிஷம் தாளில் எழுதித் தள்ளிய பயந்த மாணவர்கள், அப்படி எழுதாத பயந்த மாணவர்களைவிட நன்றாக எழுதினார்கள். கவலையைத் தாளில் இறக்கிவைத்தால் மூளைக்குக் கணக்குப் போட இடம் கிடைக்கிறது. அந்தத் தாளை அம்மா எடுத்துப் படிக்கக் கூடாது. கிழித்துப் போடட்டும்.

வீடுகள் சறுக்குவது பெரும்பாலும் தேர்வு முடிந்த மதியத்தில்தான். கேட்டிலேயே நின்று, ‘ஒரு மார்க் எத்தனை சரி?’ என்று விசாரணை ஆரம்பிக்கும். எழுதிய தாளை இனி மாற்ற முடியாது. அடுத்த தாளுக்கான தெம்புதான் கரையும். ‘சாப்பிட்டியா சாமி?’ என்பதோடு அன்றைய கேள்விகள் முடியலாம். பெரியப்பா போன் செய்தால் அப்பாவே பேசிவிடட்டும்.

ரிசல்ட் நாளுக்கு முன்பே பேசிவைக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பாடத்தில் போனால் வருஷம் போகாது. ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு நடக்கிறது. தேறினால் அதே வருஷம் கல்லூரியில் சேரலாம். ரிசல்ட்டுக்குப் பிறகு சொன்னால் இது வெறும் ஆறுதலாகத்தான் கேட்கும்.

சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் நாட்கள் போனால், ‘நான் இல்லைன்னா உங்களுக்கு நிம்மதி’ என்ற மாதிரி வார்த்தை வந்தால், ‘இந்த வயசுல அப்படித்தான்’ என்று விடாதீர்கள். தனியாகவும் விடாதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச 104, மனநலத்துக்கான ‘டெலி மானஸ்’ 14416, பள்ளிக் கல்வித் துறையின் 14417. மூன்று எண்களையும் ஹால் டிக்கெட் வைத்திருக்கும் ஃபைலின் உள் அட்டையில் இன்றே எழுதி வையுங்கள். ஒரு பிரதி ஃபிரிட்ஜ் கதவில்.