செயலியின் வெப்பநிலை: அளவைப் படித்துப் பொருள் காணும் முறை

நவி மும்பையின் வடபகுதியில், தாணே கடற்கழியின் கிழக்குக் கரையில் அமைந்துள்ளது ஐரோலி. மறுகரையிலுள்ள முலுண்டுடன் அதனை ஒரு பாலம் இணைக்கிறது. தாணே–பேலாப்பூர் சாலையை ஒட்டிய இத்தொழில் வட்டாரத்தில் முற்காலத்தில் இரசாயனத் தொழிற்சாலைகள் மிகுந்திருந்தன. இப்பொழுது தகவல் மையங்கள் பல எழுந்துள்ளன. இரவும் பகலும் ஓயாது இயங்கும் கணிப்பொறிகள் வரிசை வரிசையாக நிற்கும் இம்மையங்களில், கணிப்பொறிகளுக்கு மின்சாரம் அளிப்பது எவ்வளவு முக்கியமோ, அதனால் விளையும் வெப்பத்தை வெளியேற்றுவதும் அவ்வளவு முக்கியமாகும்.

இதே பிரச்சினை சிறிய அளவில் வீட்டு மேசை மீதும் தோன்றுகிறது. செயலியை அதற்கு நிர்ணயிக்கப்பட்ட வேகத்துக்கு மேல் ஓட்டுவதை ‘ஓவர்கிளாக்கிங்’ என்பர். அவ்வாறு ஓடும் செயலியை நீரால் குளிர்விப்பவர் பலர் உளர். திரையில் 82 டிகிரி என்று ஓர் எண் தோன்றுகிறது. ஒருவர் அதைக் கண்டு அஞ்சி யந்திரத்தை நிறுத்திவிடுகிறார். மற்றொருவர் “நீர்தான் ஓடுகிறதே” என்று வாளாவிருக்கிறார். இருவரும் தவறியிருக்கக்கூடும். ஏனெனில், தனித்து நிற்கும் எண் எதையும் உணர்த்துவதில்லை.

வெப்பம் மிகுவது ஏன்?

செயலி ஏற்கும் மின்திறன் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. அத்திறனின் பெரும்பகுதி, துடிப்பு வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் அமைகிறது. வேகத்தை 10 சதவீதம் உயர்த்தி, அவ்வேகத்தில் தடுமாறாதிருக்க மின்னழுத்தத்தையும் 10 சதவீதம் உயர்த்தினால், 1.1 × 1.1 × 1.1, அதாவது 1.33 மடங்கு வெப்பம் உண்டாகிறது. பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வெப்பம் கூடுதல் விலையாகிறது.

நீரின் பணி

நீர் குளிர்ச்சியைப் படைப்பதில்லை. வெப்பத்தைச் சுமந்து செல்கிறது. செயலியின் மேல் பொருத்திய செம்புக் கட்டியினுள் ஓடும் நீர், அங்கே வெப்பத்தை ஏற்று, ரேடியேட்டருக்குச் சென்று, விசிறிக் காற்றிடம் அதனை ஒப்படைத்துத் திரும்புகிறது. நிமிஷத்துக்கு 4 லிட்டர் வீதம் ஓடும் நீர் 300 வாட் வெப்பத்தை ஏற்றாலும், உட்புகும் நீருக்கும் வெளிவரும் நீருக்கும் இடையே ஏறத்தாழ 1 டிகிரி வேறுபாடே உண்டாகும். நீரின் வெப்ப ஏற்புத்திறன் மிகப் பெரிது என்பதே காரணம்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, இவ்வமைப்பில் நீர் அறைக்காற்றைவிடக் குளிர்ந்துவிட முடியாது. அறை 30 டிகிரியாக இருக்கையில் செயலி 26 டிகிரி என்று திரை காட்டினால், பிழை அளவில் இருக்கிறதேயன்றி, செயலி உண்மையில் அவ்வளவு குளிர்ந்துவிடவில்லை. இரண்டாவது, செயலியின் வெப்பநிலை பளு ஏறிய கணத்திலேயே தாவுகிறது. நீரோ மெல்ல மெல்லச் சூடேறுகிறது. ஆகையால், முழுப் பளுவில் ஏறத்தாழ அரைமணி நேரம் ஓடவிட்ட பின்னர் எடுக்கும் அளவே நம்பத்தக்கது.

உணர்கருவி கூறுவது என்ன?

இண்டெல் நிறுவனத்தின் செயலிகளில் பதித்துள்ள உணர்கருவி, உண்மையில் வெப்பநிலையை நேரே கூறுவதில்லை. அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி உள்ளது என்பதையே கூறுகிறது. நிரலானது அதனை வரம்பிலிருந்து கழித்துத் திரையில் காட்டுகிறது. பல மேசைக் கணிப்பொறிச் செயலிகளுக்கு இவ்வரம்பு 100 டிகிரி செல்சியஸ். வரம்பை நெருங்கும்பொழுது உணர்கருவி துல்லியமாக இருக்கும்; செயலி ஓய்ந்திருக்கையில் அத்துல்லியம் குறையும். நிரல் தவறான வரம்பைக் கொண்டிருந்தால், திரையில் தோன்றும் எண்ணும் அதே அளவு தவறாகும்.

ஏஎம்டி நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட ரைசன் 7 1800எக்ஸ் செயலியில் வேறொரு விந்தை இருந்தது. விசிறிகளை ஒரே சீராக இயக்கும் பொருட்டு, அது உண்மை வெப்பநிலையுடன் 20 டிகிரி கூட்டியே அறிவித்தது. இதனை அறியாதார், 58 டிகிரியில் இருந்த செயலியை 78 டிகிரி என்று எண்ணிக் கலங்கினர். அதே நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ரைசன் 7000 வரிசைச் செயலிகளுள் பல, கடும்பளுவில் 95 டிகிரியை எட்டி அங்கேயே நிலைத்து இயங்குமாறு வகுக்கப்பட்டவை. ஒரு செயலிக்கு அபாயக்குறியாகும் எண் மற்றொன்றுக்கு இயல்பான நிலையாகலாம்.

வேறுபாடே வழிகாட்டி

எனவே மூன்று அளவுகள் வேண்டும்: அறைக்காற்று, நீர், செயலி. ஓர் உதாரணம் காண்க. ஐரோலியிலுள்ள ஒரு வீட்டில், ஜனவரியில் அறை 22, நீர் 32, செயலி 70 டிகிரி என்று கொள்வோம். மே மாதத்தில், அதே பளுவில், அறை 34, நீர் 44, செயலி 82 டிகிரி. செயலி 12 டிகிரி ஏறியது உண்மையே. ஆயினும் அறையும் 12 டிகிரி ஏறியுள்ளது. நீருக்கும் அறைக்கும் இடையே 10, செயலிக்கும் நீருக்கும் இடையே 38 என்ற வேறுபாடுகள் மாறவில்லை. யந்திரம் பழுதின்றி இருக்கிறது, பருவமே மாறியது.

ஜூலையில் அறை 29 டிகிரிக்கு இறங்கியும் செயலி 87 காட்டுமானால், பழுது உண்டென்பது உறுதி. அது எங்கே என்பதை நீரே காட்டிக்கொடுக்கும். நீர் 49 டிகிரியாக இருந்தால், அது தன் வெப்பத்தைக் காற்றிடம் ஒப்படைக்கவில்லை. ரேடியேட்டரில் தூசி அடைந்திருக்கலாம், விசிறி நின்றிருக்கலாம். நீர் 39 டிகிரியே ஆனால், செயலியின் வெப்பம் நீரைச் சரிவர எட்டவில்லை. இடையிலுள்ள வெப்பப் பசை உலர்ந்திருக்கலாம், செம்புக் கட்டியின் நுண்வழிகள் அடைபட்டிருக்கலாம், அல்லது பம்பு தளர்ந்திருக்கலாம். இந்த ஒரு கழித்தல் கணக்கு, யந்திரம் முழுவதையும் பிரித்துப் பார்க்கும் வீண்வேலையைத் தவிர்க்கிறது.

வெப்பநிலையுடன் துடிப்பு வேகத்தையும் நோக்க வேண்டும். வரம்பை எட்டிய செயலி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அப்பொழுது வெப்பநிலை நிலையாக நிற்கும். பார்ப்பவர் அதனை நல்ல அறிகுறியாகக் கருதுவார். உண்மையில், கூட்டிய வேகம் அங்கே இழக்கப்படுகிறது. இதனினும் கொடியது, அளவு மீறிய வேகத்தால் விளையும் மறைவான பிழை. யந்திரம் நிற்பதில்லை, எச்சரிக்கை தருவதில்லை. ஆனால் கணக்கின் விடை தவறிவிடுகிறது. மாணவர் மதிப்பெண் பட்டியலோ, மழையளவுப் பதிவோ அவ்வாறு கெடின், அதனைக் கண்டுபிடிப்பார் யார்? பட்டியல்களும் பதிவுகளும் தயாரிக்கும் கணிப்பொறியை நிர்ணயித்த வேகத்திலேயே ஓட்டுவது நலம்.

குளிர்ச்சியிலும் அபாயம்

நீரை மேலும் குளிர்வித்தால் நன்மை பெருகும் என்று எண்ணுதல் கூடாது. பருவமழைக் காலத்தில் காற்று 29 டிகிரியும் ஈரப்பதம் 85 சதவீதமும் இருந்தால், பனிநிலை ஏறத்தாழ 26 டிகிரி ஆகும். குளிர்விப்பு யந்திரத்தின் துணையால் 20 டிகிரி நீரைச் செலுத்தினால், குழாயின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்பி மின்தகட்டின் மேல் சொட்டும். குளிர்நீர் நிரம்பிய பாத்திரத்தின் புறத்தே துளிகள் படிவதும் இதே நியதியால்தான்.

குளிர்விக்கும் நீர் குளிர்ந்திருக்க வேண்டுமென்பதும் இல்லை. ஐபிஎம் நிறுவனம் 2010-இல் சூரிக் நகரின் தொழில்நுட்பக் கழகத்தில் அமைத்த ‘அக்வாசார்’ என்னும் கணிப்பொறி, 60 டிகிரி வரையிலான வெந்நீரால் குளிர்விக்கப்பட்டது. செயலி அதனினும் சூடாக இருக்கலாம் என்பதால் வெப்பம் நீரை நோக்கிப் பாய்ந்தது. அவ்வெப்பம் கட்டடத்தைச் சூடேற்றவும் பயன்பட்டது.

பதிவேட்டின் பயன்

கொலாபாவிலும் சாந்தாகுரூஸிலும் உள்ள வானிலை ஆய்வகங்களில் வெப்பமானியை வெயில் நேரே படாத பெட்டியினுள் வைத்து, குறித்த நேரத்தில் படித்து எழுதுகின்றனர். நிலைமைகள் ஒன்றாயிருந்தாலன்றி இரண்டு அளவுகளை ஒப்பிட இயலாது என்பதே அம்முறையின் கருத்து. கணிப்பொறிக்கும் அதுவே விதி. நாள், பளு, அறை, நீர், செயலி, துடிப்பு வேகம் ஆகிய ஆறு கட்டங்கள் கொண்ட ஒரு குறிப்பேடும், சாதாரண வெப்பமானி ஒன்றும் போதுமானவை. நீரின் அளவைக் காட்டும் உணர்கருவி இல்லாவிடில், ரேடியேட்டருக்குச் செல்லும் குழாயில் வெப்பமானியைச் சேர்த்துக் கட்டியும் ஓரளவு அறியலாம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒரு சோதனையாகவே நடத்தலாம். மாதம் ஒருமுறை அளவெடுத்து, ஆண்டிறுதியில் வேறுபாடுகளை மட்டும் வரைபடமாக்கினால், பருவத்தின் ஏற்றத்தாழ்வு மறைந்து, யந்திரத்தின் நிலை தனித்துத் தோன்றும். வெப்பநிலைக்கும் வெப்பத்துக்கும் உள்ள வேற்றுமையையும், ஓர் அளவின் பொருள் அது எடுக்கப்பட்ட சூழ்நிலையில் அடங்கியிருப்பதையும் மாணவர் கண்ணாரக் காண்பர்.