கறுப்புப் பெட்டி இல்லாத விமானம் விழுந்தால்?

ஒரு புரோகிராம் திடீரென நின்றுவிட்டால் என்னைப் போன்ற சாப்ட்வேர் ஆட்கள் முதலில் தேடுவது லாக் பைலைத்தான். புரோகிராம் செய்த வேலைகளை நேரத்துடன் வரிசையாகக் குறித்து வைக்கும் பைல் இது. பெரிய பயணிகள் விமானங்களில் இந்த வேலையைச் செய்வது கறுப்புப் பெட்டி. ஆனால் சிறிய விமானங்கள் பலவற்றில் கறுப்புப் பெட்டி கிடையாது. அவை விழுந்தால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? விமானிக்கே உடல்நிலை கெட்டிருந்தால் அது எப்படித் தெரியும்?

ஓர் உண்மைச் சம்பவத்தைப் பார்ப்போம். 2019 ஜனவரி 21 இரவு, அர்ஜென்டினா கால்பந்து வீரர் எமிலியானோ சாலா, பிரான்ஸின் நான்ட் நகரிலிருந்து வேல்ஸின் கார்டிஃப் நகருக்கு ஒற்றை இன்ஜின் பைப்பர் மாலிபு விமானத்தில் சென்றார். உடன் இருந்தவர் விமானி மட்டுமே. ஆங்கிலக் கால்வாயில் கெர்ன்ஸி தீவுக்கு அருகே விமானம் ரேடாரிலிருந்து மறைந்தது.

ரேடார் தந்த புள்ளிகள்

ரேடார் அனுப்பும் சிக்னலுக்கு விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி பதில் தரும். அந்தப் பதிலில் விமானத்தின் உயரமும் இருக்கும். இப்படிக் கிடைத்த புள்ளிகளை நேர வரிசைப்படி இணைத்தால் வேகம், திருப்பம், இறக்கம் எல்லாவற்றையும் கணக்கிடலாம். இதுதான் இந்த விமானத்தின் லாக் பைல்! ஆனால் விமானம் எப்படிப் பறந்தது என்பதைத்தான் ரேடார் சொல்லும். விமானிக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லாது.

ரத்தம் சொன்ன செய்தி

பிப்ரவரி 3 அன்று, ஒலி அலைகளால் கடலடியைப் படம் பிடிக்கும் சோனார் உதவியுடன் விமானத்தைக் கண்டுபிடித்தார்கள். சாலாவின் உடல் கிடைத்தது. அவரது ரத்தத்தில் 58 சதவீத ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனுக்குப் பதில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்திருந்தது. 50 சதவீதமே உயிருக்கு ஆபத்து. இன்ஜின் புகையில் உள்ள இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குழப்பம், மயக்கம் என்று ஆளைக் கவிழ்த்துவிடும்.

விமானியின் உடல் கிடைக்கவே இல்லை. ஆனால் இருவரும் சுவாசித்தது ஒரே கேபின் காற்றை. எனவே அவரையும் இந்த வாயு 'அநேகமாகப் பாதித்திருக்கும்' என்று பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு 2020 மார்ச் அறிக்கையில் கூறியது. 'பாதித்தது' என்று அடித்துச் சொல்லவில்லை. கடைசி நிமிடங்களில்கூட அவர் ரேடியோவில் பேசியிருக்கிறார். இரவில் பறக்க அவருடைய லைசென்ஸில் அனுமதி இல்லை என்பதும் தெரிய வந்தது. திருப்பம் ஒன்றில் கட்டுப்பாடு இழந்து, அதிக வேகத்தில் விமானம் வானிலேயே உடைந்தது என்பது முடிவு. நாம் புரோகிராமில் தவறு தேடும்போதும் இதே விதிதான். கிடைத்த டேட்டா எதுவரை செல்கிறதோ, அதுவரைதான் பேச வேண்டும்.

ஒலிக்காத அலாரம்

அந்த விமானத்தில் கார்பன் மோனாக்சைடைக் கண்டு ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவி இல்லை. அளவில் சிறிய, எளிய கருவிதான் அது. இருந்திருந்தால் உரிய நேரத்தில் எச்சரித்திருக்கலாம்.

மின்தடையின்போது ஜெனரேட்டரில் கம்ப்யூட்டரை இயக்குபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அதன் புகையிலும் இதே வாயு இருக்கிறது. எனவே ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, ஜன்னல் அருகிலோ ஒருபோதும் வைக்காதீர்கள். வெளியே, தள்ளியே வையுங்கள்.