உமையின் மைந்தனுக்கு முதல் இலை

விநாயக சதுர்த்தியன்று ஆனைமுகப் பெருமானை 21 பத்திரங்களால் அர்ச்சிப்பது மரபு. 'உமாபுத்ராய நம:' என்று தொடங்கும் வரிசையில் முதலில் சாற்றப்படுவது மாசிப்பத்திரி. அறுகையும் வில்வத்தையும் அறியாத இல்லமில்லை. முதலிடம் பெற்ற இந்த இலையை இனங்கண்டு சொல்வோரோ இன்று மிகச் சிலரே.

மாசிப்பத்திரி, சாமந்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலார் இதனை 'ஆர்டெமிசியா' என்னும் பேரினத்தில் வைத்துள்ளனர். ஏறத்தாழ 500 இனங்களைக் கொண்ட அப்பேரினத்தில் சிறுசெடிகளும் உண்டு, புதர்களும் உண்டு. மலைப்பகுதிகளில் ஆளுயரப் புதராக வளரும் மாசிப்பத்திரிக்கு நீலகிரியின் பெயரைச் சேர்த்து 'ஆர்டெமிசியா நீலகிரிகா' என்று பெயரிட்டுள்ளனர்.

சாமந்திக்கு உறவாயினும் இதன் பூக்கள் கண்ணைக் கவர்வனவல்ல, மிகச் சிறியவை. மகரந்தத்தைக் காற்றே சுமந்து செல்வதால், வண்டுகளை அழைக்கும் வண்ண இதழ்கள் இதற்கு வேண்டியதில்லை. இறைவனுக்கு இச்செடி அளிப்பது இலையின் நறுமணத்தையே.

இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான் மாலைகளில் மணம் கமழும் தவனம். மரிக்கொழுந்து என்றும் அதனை வழங்குவர். வாடி உலர்ந்த பின்னும் அதன் மணம் நீங்குவதில்லை. வடமொழியில் 'தமனகம்' எனப்படும் அச்செடியால் சிவபெருமானை வழிபடும் தமனோற்சவம் ஆகம மரபில் உண்டு. காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கும் தவன உற்சவம் நடைபெறுகிறது.

பண்டிகைக் காலத்தில் கடைவீதியில் பத்திரங்கள் கட்டாகக் கிடைக்கின்றன. மாசிப்பத்திரியும் சாமந்தி இலையும் வடிவில் ஒத்திருப்பதால், ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது எளிது. மாசிப்பத்திரியின் மேற்புறம் பச்சை. அடிப்புறமோ மெல்லிய வெண்ணிற மயிர் படர்ந்து சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். கசக்கி முகர்ந்தால் காரமான தனி மணம் வீசும். இவ்விரு அடையாளங்களையும் இல்லத்துப் பெரியோர் சிறுவர்களுக்குக் கற்பித்தால், அந்த அறிவு அடுத்த தலைமுறைக்கும் நிலைக்கும். செடியை வேரோடு பிடுங்காது, வேண்டிய இலைகளை மட்டும் கொய்வதும் அத்துடன் கற்பிக்க வேண்டிய ஒழுக்கமாகும்.

தேடியும் இலை கிடைக்காதபோது அட்சதை சமர்ப்பித்து அர்ச்சனையை நிறைவு செய்ய மரபு இடமளிக்கிறது. எனவே, ஏதோ ஓர் இலையை மாசிப்பத்திரி என்று சொல்லிச் சாற்ற வேண்டிய தேவையில்லை. அறிந்து இடும் ஓரிலை, அறியாது குவிக்கும் கட்டினும் மேலானது. எளிய அறுகுக்கே மகிழும் ஐங்கரன், அன்போடு இடும் அட்சதையையும் உவந்து ஏற்பான்.